பப்பாளி தின்ற நுரையீரல்

நெஞ்சக நோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் ஓர் எச்சரிக்கை. நோயாளிக்கு நோயை விளக்கும்போது சமையல் உதாரணம் சொல்லாதீர்கள். சொன்னால் அது உங்களை லேசில் விடாது. நான் ஒரு தடவை சொல்லிவிட்டு, திருவண்ணாமலையில் வேலை பார்த்த காலம் முழுக்க அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த எச்சரிக்கையைக் கடைசியில் நானே வாபஸ் வாங்கப் போகிறேன். அதற்குள் நடந்ததைக் கேட்டுவிடுங்கள்.

எழுபதுகளின் கடைசி அது. கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் சின்ன ஆஸ்பத்திரி. நெஞ்சுக்கு நான் ஒருத்தி, கத்திக்கு ஒருவர். அவருடைய பெயர் வேண்டாம். பேரப்பிள்ளைகள் யாராவது படித்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். சர்ஜன் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். ஆள் நல்லவர். அதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் இருமினால் டி.பி. இளைத்தால் டி.பி. இருமி இளைத்தால் கேட்கவே வேண்டாம். ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கல்லாகிப்போன பிறகுதான் என்னிடம் வருவார்கள். அவர்களில் பலருக்கு டி.பி.யே கிடையாது. பீடியும் அடுப்புப் புகையும் சேர்ந்து நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கும்.

எப்படி அரிக்கிறது என்பது அப்போதுதான் மருத்துவப் பத்திரிகைகளில் தெளிவாக வந்துகொண்டிருந்தது. நீங்கள் இதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு அன்று மாலையே மறந்திருப்பீர்கள் என்பதால் ஒருமுறை சொல்கிறேன். புகை உள்ளே போனால் அதை விரட்ட வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அவற்றின் கையில் சதையைக் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன. கிருமியைக் கரைக்கத்தான் அவை. ஆனால் விட்டால் வீட்டுச் சுவரையும் கரைத்துவிடும். அதனால் அவற்றை அடக்கி வைக்க ரத்தத்தில் ஒரு காவல் புரதம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பீடிப் புகை என்ன செய்கிறது? ஒரு கையால் வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமாக வரவழைக்கிறது, இன்னொரு கையால் அந்தக் காவல்காரனையும் செயலிழக்கச் செய்கிறது. பிறகு நுரையீரலின் சின்னச் சின்ன அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர்கள் கரைந்து, அறைகள் ஒன்றாகி, சில சமயம் ஒரு பெரிய காற்றுக் குமிழே உண்டாகிவிடுகிறது. அந்தக் குமிழ் மூச்சுக்கு உதவாது. இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பப்பாளிப் பாலில் இருக்கும் நொதியை எலியின் நுரையீரலுக்குள் விட்டுப் பார்த்தால் இதே மாதிரி ஆகிறது என்று படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே பேசினேன். சர்ஜன் காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு உங்க என்சைம் யார தின்னுச்சு டாக்டர்?" என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் முனுசாமி வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில், கொப்பரைக்கு அடியில் எரியும் அடுப்புக்குக் கரும்புச் சக்கை தள்ளுகிறவர். நாற்பது வயதிருக்கும், பார்த்தால் அறுபது சொல்லலாம். கூட அவருடைய மனைவி அலமேலு. இவர் இரண்டு வார்த்தை பேசி மூச்சு வாங்கினால் மீதியை அந்த அம்மா முடிப்பார்.

"பீடி எத்தன வருஷமா?" என்று கேட்டேன்.

"நெனவு தெரிஞ்ச..." என்று நிறுத்தினார்.

"நெனவு தெரிஞ்சதுலருந்துங்க டாக்டரம்மா. தூங்கும்போது மட்டும்தான் இல்ல," என்றார் அலமேலு.

எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தேன். வலது பக்கம் மேலே, தோளை ஒட்டிய காறையெலும்புக்குக் கீழே, ஒரு பெரிய கருப்பு. அந்த இடத்தில் நுரையீரலே இல்லை, வெறும் காற்றுக் குமிழ். முனுசாமி என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பொண்ணு ஒன்னு இருக்குதுங்க. அத ஒரு எடத்துல... கட்டிக் குடுக்கற வரைக்கும்... மூச்சு ஓடுனா போதும்."

எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. இவருக்கு எப்படியாவது புரியவைத்துப் பீடியை நிறுத்திவிட வேண்டும் என்று வேகம் வந்தது. அலமேலுவைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆட்டுக்கறி முத்தலா இருந்தா என்னாம்மா பண்ணுவீங்க?"

"ஒரு துண்டு பப்பாளிக்காய் போடுவோம். பஞ்சாட்டம் வெந்துடும்."

"அவ்ளோதான். பொகை உள்ள போவப் போவ, இவரு நெஞ்சுக்குள்ளயே அந்த மாதிரி ஒன்னு ஊறி, நுரையீரலக் கரைச்சுடுது." முனுசாமியின் வலது காறையெலும்புக்குக் கீழே என் உள்ளங்கையை வைத்தேன். "இந்த எடத்துல பப்பாளி வேலை செஞ்சு முடிச்சுடுச்சு. மிச்சம் இருக்குறதக் காப்பாத்தணும்னா பீடிய விடணும். இந்தப் படத்தப் பத்திரமா வெச்சுருங்க. எப்ப வந்தாலும் எடுத்துட்டு வாங்க."

இருவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். என் போதனா சக்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த முறை வந்தபோது முனுசாமியின் முகத்தில் ஒரு வெற்றிக் களை. "மரத்த வெட்டிட்டோம் டாக்டரம்மா!" என்றார்.

"எந்த மரத்த?"

"கொல்லையில இருந்த பப்பாளி மரத்த. வேரோட. இப்பல்லாம் எங்க வூட்ல பழமும் இல்ல, காயும் இல்ல. கறியில போடறதயும் வுட்டாச்சு."

அவர் காதில் ஒரு பீடி செருகியிருந்தது.

சர்ஜன் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, "உங்களால ஒரு மரம் செத்துப்போச்சு டாக்டர்," என்றார். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பப்பாளி ஒரு பாவமும் செய்யவில்லை, பீடிதான் என்றேன். முனுசாமி பணிவாகக் கேட்டுக்கொண்டார். பீடியைக் கம்மி பண்ணுகிறேன் என்றார். ஆனால் பப்பாளி விஷயத்தில் நான் பெருந்தன்மையாகப் பேசுகிறேன் என்றுதான் அவர் நினைத்தார் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது.

இதற்குப் பிறகு ஒரு சூரிய கிரகணம் வந்தது. அதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் புரியும்.

அந்த வருஷக் கார்த்திகை தீபத்தன்று காலை, பஸ்ஸில் வந்த தீபக் கூட்டத்தோடு கூட்டமாக முனுசாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உதடு நீலம். வலது நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட வரவில்லை. அலமேலுவும் பேசவில்லை, அதுதான் என்னை அதிகமாக பயமுறுத்தியது. விடியும்போது இருமிக்கொண்டே இருந்தவருக்குத் திடீரென்று வலி வந்ததாம், மூச்சு அடைத்துவிட்டதாம்.

ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வலது மேல்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. உட்காரவைத்து, தாங்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தோம். கழுவிய படத்தின் ஈரம் காய்வதற்குள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வலது மேல்பாதி முழுக்கக் கருப்பு.

சர்ஜன் வந்தார். பார்த்தார். "காத்து கசிஞ்சு நுரையீரல் சுருங்கிடுச்சு. கொழாய் போட்டு காத்த எறக்கிடலாம்," என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவப் போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. திடீர் வலி, சத்தமில்லாத நெஞ்சு, கருப்புப் படம். நீங்கள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று கசிந்து நெருக்கும்போது குழாய் போடாமல் யோசித்துக்கொண்டிருந்தால் ஆள் கண்முன்னே போய்விடுவார்.

ஆனால் அந்தக் கருப்பு, பழைய காற்றுக் குமிழாக இருந்தால்? குமிழுக்குள் குழாயை இறக்கினால், நாமே நுரையீரலில் ஓட்டை போட்ட மாதிரி. அந்த ஓட்டை மூடாது. மிச்சமிருக்கும் கொஞ்ச மூச்சும் குழாய் வழியாகவே போய்விடும். குழாய் போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு. எது என்பது அந்தக் கருப்பு இன்று வந்ததா, முன்பே இருந்ததா என்பதைப் பொறுத்தது. முனுசாமிக்கு ஒரு குமிழ் இருந்தது என்பது எனக்கு நினைவிருந்தது. எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்பது சத்தியமாக நினைவில்லை. அந்த வருஷம் நான் எத்தனையோ நெஞ்சைப் பார்த்திருந்தேன். பப்பாளிக் கதையை மட்டும் ஞாபகம் வைத்திருந்த என் மூளை, முக்கியமானதைத் தொலைத்திருந்தது.

வேலூருக்கு அனுப்பலாம் என்றால் தெருவில் கால் வைக்க இடமில்லை. ஊரே மலையைப் பார்த்து நின்றது.

"பழைய படம் எங்கம்மா?" என்று அலமேலுவைக் கேட்டேன்.

அலமேலு விழித்தார். "அத... கிரகணத்துக்கு வெட்டிட்டாங்க டாக்டரம்மா."

"எதுக்கு?" என்றார் சர்ஜன்.

"சூரியன பாக்கறதுக்கு. தெருவுல எல்லாரும் ஆளுக்கு ஒரு துண்டு..."

அப்போதெல்லாம் கிரகணம் வந்தால் வீட்டிலிருக்கும் எக்ஸ்ரே படத்துக்குத்தான் ஆபத்து. அது கண்ணைக் காக்காது என்று கண் டாக்டர்கள் தொண்டை வற்றக் கத்தினாலும் யாரும் கேட்கமாட்டார்கள். சர்ஜன் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். "போதும் டாக்டர். உங்க ஆராய்ச்சிக்கு நேரமில்ல," என்று கத்தியை எடுத்தார். நர்ஸ் முனுசாமியின் விலாவில் மருந்து தடவ ஆரம்பித்தார்.

அலமேலுவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. "வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கினேன். எங்க மூத்தாருதான் கத்திரிக்கோல எடுத்தாரு." மூத்தார் என்றால் முனுசாமியின் அண்ணன். "நல்ல கருப்பா இருந்த துண்ட அவரே எடுத்துக்கினாரு. எனக்குக் குடுத்ததுல சூரியனே தெரியல, வெறும் வெலா எலும்புதான் தெரிஞ்சுது!"

"இரும்மா," என்றேன். "நல்ல கருப்புத் துண்டா? படத்துல எந்த எடம் அது?"

அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வலதா, மேலேயா என்று கேட்டிருந்தால் பயத்தில் ஆமாம் என்றிருப்பார். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதறும்போது நமக்கு வேண்டிய பதிலை நாமே கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிடுவோம்.

"நீங்கதான் கை வெச்சு காட்டுனீங்களே டாக்டரம்மா. பப்பாளி வேலை செஞ்சு முடிச்ச எடம்." அலமேலு நர்ஸை விலக்கிவிட்டு, தன் கையை நீட்டி, புருஷனின் வலது காறையெலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார்.

சர்ஜனின் கை நின்றது.

அவர் ஒன்றும் சாதாரண ஆளில்லை. உடனே கேட்டார்: "சரி, குமிழ் முன்னயே இருந்துச்சு. அது இன்னிக்கு ஒடஞ்சிருந்தா?" நியாயமான கேள்வி. குமிழ் உள்ளவருக்குத்தான் அது உடைந்து காற்று கசியும் வாய்ப்பும் ஜாஸ்தி. அலமேலுவின் பதில் அந்தக் கருப்பு பழையது என்றுதான் சொன்னது, மீதியை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் மறுபடி படத்தைப் பார்த்தேன். கருப்பின் உள்ஓரம் குழிந்து, கிண்ணம் மாதிரி வளைந்திருந்தது. சுருங்கிய நுரையீரலின் ஓரம் அப்படி இருக்காது. மூச்சுக்குழல் நடுவிலேயே இருந்தது, எந்தப் பக்கமும் தள்ளப்படவில்லை. ரத்த அழுத்தம் இறங்கவில்லை. காய்ச்சல் இருந்தது, சளி பச்சையாக இருந்தது. இது மிச்சமிருந்த நுரையீரலில் வந்த தொற்று, வலி இருமிப் பிடித்த தசை வலி என்று என் மனம் சொன்னது. ஆனால் மனம் சொல்வதை நம்பி ஒரு மனிதரின் உயிரைப் பணயம் வைப்பது எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சர்ஜன் பக்கம் திரும்பினேன்.

"சார், குழாய் தயாரா இருக்கட்டும். நீங்களும் இங்கயே இருங்க. அழுத்தம் எறங்குனாலோ மூச்சுக்குழல் நகர்ந்தாலோ நீங்க போடுங்க. நான் வாயத் தெறக்க மாட்டேன்."

"நீங்களா? வாயத் தெறக்காமயா?" என்றார் சர்ஜன். ஆனால் கத்தியைத் தட்டில் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, முனுசாமியின் நாடியில் விரலை வைத்து உட்கார்ந்தார். தீபத்தன்று அவர் வீட்டில் விருந்தாளிகள் நிறைய இருந்தார்கள். அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மருந்துகளைக் கொடுத்தோம். ஆக்ஸிஜனை மெல்லிசாக வைத்தேன். நீல உதட்டைப் பார்த்து நர்ஸ் அதைக் கூட்டப் போனார், நான் தடுத்தேன். இந்த மாதிரி நெஞ்சுக்கு ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் மூச்சு விடுவதையே மறந்துவிடும். அவசரம் வந்தால் நம் கை எதையாவது செய்யத் துடிக்கும். அன்று எங்கள் மூவருக்கும் மிகக் கஷ்டமான வேலை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

மத்தியானம் உதட்டின் நீலம் கொஞ்சம் குறைந்தது. சாயங்காலம் வெளியே திடீரென்று அரோகரா சத்தம் எழும்பி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முனுசாமி கண்ணைத் திறந்தார்.

"தீபம் ஏத்திட்டாங்களா? என்னையும் கொஞ்சம் தூக்கி காட்டுங்க," என்றார்.

நெஞ்சு டாக்டர்களே, நோயாளி நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேசினால், அதைவிட நல்ல செய்தி எந்தக் கருவியும் நமக்குச் சொல்வதில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சர்ஜன் குழாய்த் தட்டைத் துணியால் மூடினார். பிறகு அவரே முனுசாமியின் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தூக்கி, மலை உச்சியைக் காட்டினார்.

"உங்க என்சைம் ஜெயிச்சுடுச்சு டாக்டர்," என்றார் என்னிடம்.

"என்சைம் இல்ல சார். அவங்க மூத்தாரோட கத்திரிக்கோல்."

அந்த மூத்தார் மறுநாள் காலை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தம்பி பெண்டாட்டி ஆள் அனுப்பித் திட்டியிருக்கிறார். மடியிலிருந்து வேட்டித் துணியில் சுற்றிய ஒரு கருப்புத் துண்டை எடுத்தார். அதைப் புதுப் படத்தின் மேல் வைத்தேன். அதே இடம், அதே கிண்ண வளைவு. மூத்தார் கவலையாகக் கேட்டார்: "பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவீங்க இல்ல? அடுத்த கிரகணத்துக்கு வேணும்." கூட்டம் கலைந்து வேலூர் போய் எடுத்த படத்திலும் அது குமிழ்தான் என்று உறுதியானது.

அதன் பிறகு சர்ஜன் நெஞ்சில் குழாய் போடும் முன்னால், படுத்திருப்பவரின் வீட்டாரைப் பார்த்து, "பழைய படம் இருக்குதா? இல்ல கிரகணம் பாத்துட்டீங்களா?" என்று கேட்காமல் கத்தியைத் தொட்டதில்லை. கேட்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். எனக்கு இல்லை. உங்களுக்கு இப்போது நொடியில் ஸ்கேன் வந்துவிடுகிறது, நல்லதுதான். ஆனால் ஸ்கேனில் இருப்பது புதிதா பழையதா என்று சொல்லக்கூடியவர் பல சமயம் வார்டுக்கு வெளியே, பெஞ்சில், யாரையோ திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் திட்டையும் கொஞ்சம் காதில் வாங்குங்கள்.

முனுசாமி பீடியை விட்டார். என் உபதேசத்தால் என்று சொல்ல ஆசைதான். அலமேலு அவர் காதை தினமும் சோதனை போட்டதால் என்பதுதான் உண்மை. கரைந்த சுவர் திரும்ப வளராது. அதனால் அவர் மறுபடி அடுப்புப் பக்கம் போகவில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடுவே நின்று நின்றுதான் நடப்பார். ஆனால் மிச்சம் இருந்தது மிச்சம் நின்றது.

எண்பதுகளின் பாதியில் ஒரு நாள் பத்திரிகை வைக்க வந்தார்கள். பெண்ணுக்குக் கல்யாணம். நானும் சர்ஜனும் கல்யாணத்துக்குப் போக முடியாமல், மாப்பிள்ளைக்குக் கறி விருந்து போட்ட அன்று போனோம். இலை போட்டார்கள். மூத்தாரே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினார்.

ஒரு துண்டை வாயில் போட்டேன். மென்றேன். மறுபடி மென்றேன். பக்கத்தில் சர்ஜனின் தாடை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கண் என்னைப் பார்த்தது. பந்தியில் புது மாப்பிள்ளை உட்பட யாரும் பேசவில்லை. எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் கறியில் பப்பாளி போடுவதை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறது.

"ஒங்க வேலைதான் இது," என்றார் சர்ஜன், ஒரு வழியாக முழுங்கிவிட்டு, மெதுவாக.

பப்பாளி போட்டால் ஒன்றும் ஆகாது என்று அன்று மறுபடி சொல்லியிருக்கலாம். அந்த உதாரணத்தை அலமேலு மறக்காமல் வைத்திருந்ததால்தான் இந்தப் பந்தியே நடக்கிறது என்பது எனக்கு நினைவு வந்தது. அதனால்தான் உங்களுக்கு முதலில் சொன்ன எச்சரிக்கையை வாபஸ் வாங்குகிறேன். சமையல் உதாரணம் சொல்லுங்கள். சொன்னது பாதி தப்பாகப் புரிந்தாலும் பரவாயில்லை, கையை வைத்துக் காட்டிச் சொல்லுங்கள்.

முனுசாமி வெள்ளை வேட்டியில், ஒரு நாற்காலியைப் பந்திக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தார். "கறி எப்படி இருக்குதுங்க டாக்டரம்மா?" என்றார்.

"இந்த மாதிரி நான் எங்கயும் சாப்ட்டதில்ல முனுசாமி," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணா, டாக்டரம்மா எலையில இன்னும் ரெண்டு துண்டு போடு, எலும்பில்லாம பெரிய துண்டா பாத்து போடு," என்றார். நடுவில் ஓரிடத்தில்கூட அவர் மூச்சு வாங்கவில்லை.